பங்கா இழுத்த பூட்டன்

மாங்குளத்தில் வெள்ளியப்பன், மாசாணம், குமரப்பன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். மனசு சுத்தமான பால். மூளை வைக்கத்தான் சாமி மறந்துவிட்டார்; பாவம், அவருக்கும் எத்தனை வேலை!

தங்கை பூவாயிக்கு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா அழகர்சாமி கறாராகச் சொன்னார்: "எங்க பூட்டனார் கலெக்டர் கச்சேரியில டவாலி போட்ட சேவகர். உங்க பூட்டன் என்ன உத்தியோகம்? அது எனக்கு விளங்கினாத்தான் தட்டு மாத்துவேன்."

மூவரும் டவுனுக்கு ஓடினார்கள். அங்கே கச்சேரியில் ஒரு குமாஸ்தா பழைய ஏட்டைப் புரட்டி, அவர்கள் பூட்டன் பெயருக்கு நேரே "பங்கா இழுப்பவர்" என்று படித்தார்.

"அப்படின்னா?"

"கரண்டு இல்லாத காலம்பா. துரை தலைக்கு மேல துணி விசிறி தொங்கும். வெளியே உட்கார்ந்து கயிறு இழுக்கணும். உள்ளே பேசுற ரகசியம் விழாம இருக்கக் காது கேளாத ஆளா வைப்பாங்க. மணி அடிச்சாத்தான் நிறுத்தலாம்."

வழியில் ஆலோசனை நடந்தது.

"வாயால சொன்னா மாமாவுக்கு விளங்காதுடா. எனக்கே விளங்கலை."

"செஞ்சு காட்டிடுவோம்ணே."

"நமக்குக் காது கேக்குதே?"

"பஞ்சு எதுக்கு இருக்கு?"

"மணியை நான் அடிக்கிறேன்" என்றான் குமரப்பன்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பத்தரைக்கு ராகு காலம்; அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். உத்தரத்தில் ஜமக்காளம் தொங்கியது. காதில் பஞ்சோடு மூவரும் வெளியே வெயிலில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தார்கள்.

குளுகுளுவென்று காற்று. "அடேயப்பா, விளங்கிடுச்சு! அண்ணன்மாரைக் கூப்பிடும்மா" என்றார் அழகர்சாமி.

பூவாயி வாசலுக்கு வந்து கத்தினாள். வெள்ளியப்பன் சிரித்துவிட்டு வேகமாக இழுத்தான். ஜமக்காளம் சம்பந்தியின் துண்டைத் தட்டிக்கொண்டு போனது.

பூவாயி குமரப்பன் இடுப்பிலிருந்த மணியை உருவி, அவன் காதோரம் ஆட்டினாள்.

குமரப்பன் கவலையோடு பார்த்தான். "சத்தமே வரலியே பூவாயி, உடைச்சுட்டியா?"

மணி பத்து இருபத்தைந்து. அழகர்சாமியே தட்டோடு வெளியே ஓடிவந்து நீட்டினார். வெள்ளியப்பனின் இரண்டு கையிலும் கயிறு. நிறுத்தவும் கூடாது. யோசித்தான். கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டான்.

உள்ளே குலவைச் சத்தம். மூவரும் பஞ்சை எடுத்துவிட்டு, காற்றுக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள்.

வெளியே இழுத்துக்கொண்டே அழகர்சாமி கேட்டார்: "தம்பி, நான் இதை எப்போய்யா நிறுத்துறது?"

"மணி அடிச்சதும் நிறுத்திடலாம் மாமா" என்று எழுந்து வந்த வெள்ளியப்பன், அவர் இரண்டு காதிலும் பஞ்சைப் பக்குவமாகச் செருகினான்.