கரி பிடிக்காத பானை

ஊர் நூலகத்தின் தொல்லியல் அலமாரியில் ஐந்து புத்தகங்களுக்குத்தான் இடம். மிச்சமெல்லாம் பழைய பேப்பர் கடைக்கு. தேர்வுக் குழுத் தலைவர் மாசிலாமணி சும்மா இருப்பாரா? தான் எழுதியதை முதலில் வைத்தார்.

நூலகம் பெருக்கும் செங்கமலம் அலமாரியை மறித்து நின்றாள். "சனங்க விரும்பிப் படிக்கிறத நான் எடுத்துத் தரேன், ஐயா."

"எழுத்துக்கூட்டிப் படிக்கிறவ நீ. உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருசம் அகழாய்வுக் குழியில மண்ணு அள்ளியிருக்கேன்."

ஓரம் கறுத்து, முனை மடங்கி, டீக்கறை படிந்த ஐந்தை எடுத்து அடுக்கினாள்.

தலைவர் தன் புத்தகத்தை நீட்டினார். "பத்து வருஷமாச்சு, இன்னும் புதுசா இருக்கு. இதுக்கு என்ன குறை?"

"குழியில பானை கிடைச்சா, அடியில கரி இருக்கான்னு பார்ப்போம். கரியே இல்லைன்னா, அதுல யாரும் சோறாக்கலைன்னு அர்த்தம், ஐயா."