வட்டத் தட்டின் முன்பக்கம்

முதலில் ஒரு விடுகதை. ஒரு பித்தளைத் தட்டு. வட்டமானது. கைப்பிடி கிடையாது. எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி விளிம்பு. அந்தத் தட்டுக்கு முன்பக்கம் எது?

யோசித்துக்கொண்டே கேளுங்கள். அவசரமில்லை. இந்தக் கதையில் வருகிறவரும் உடனே பதில் சொல்லிவிடவில்லை.

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம் இருந்தது. ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு, பின்னால் சில எலுமிச்சை மரங்கள். அவ்வளவுதான். ஒரு குருவும் சில சீடர்களும் அங்கே இருந்தார்கள்.

தீபாவளியன்று சாயங்காலம் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் அங்கே கூடும். கூடத்தின் நடுவே ஒரு மணைப்பலகை. அதன் மேல் அந்தப் பித்தளைத் தட்டு நிறையப் பலகாரம். எல்லோரும் சுற்றி உட்காருவார்கள். தானாக நடந்து வந்து எடுக்கத் தெரிந்த பிள்ளைகளில் சின்னப் பிள்ளை எதுவோ, அதுதான் முதலில் எடுக்க வேண்டும். பிறகுதான் மற்றவர்கள் கை நீட்டலாம்.

எதை எடுப்பது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லக் கூடாது. விரலால் காட்டக் கூடாது. கண்ணாலும் காட்டக் கூடாது. ஆசிரமத்தில் வேறு சட்டமே கிடையாது.

ஒரு வருஷம், தீபாவளிக்கு முந்தைய வாரம், மாசிலாமணி என்ற சீடர் குருவிடம் வந்தார்.

"சாமி, இந்தத் தடவை தட்டை நான் அடுக்குறேன்."

குரு எலுமிச்சைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நீயா? தண்ணி குடிக்கக்கூட சமையற்கட்டுப் பக்கம் போக மாட்டியே."

"இந்த ஒரு தடவை."

"யாரு வர்றா?"

மாசிலாமணி மண்வெட்டியைப் பார்த்தபடி சொன்னார்:

"தங்கச்சி குடும்பம் வருது."

"பிள்ளையும் வருதா?"

"வருது, சாமி."

"அப்ப அடுக்கு," என்றார் குரு.

அந்தப் பிள்ளையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயர் கோமு. ஐந்து வயது. மாசிலாமணியின் மகள். ஆனால் அது அவளுக்குத் தெரியாது.

அவள் தாய் செண்பகம் காய்ச்சலில் இறந்தபோது கோமு தவழ்ந்துகொண்டிருந்தாள். மாசிலாமணி அதன் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. குழந்தை அழுதால் எழுந்து பார்க்கவும் இல்லை. தங்கை வடிவு வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பிறகு ஒரு நாள் வடிவு சொன்னாள்: "இவ என்னை அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டா, அண்ணே. விவரம் தெரியுற வயசு வரட்டும். நானே சொல்லிருதேன். அதுவரைக்கும் நீ அவளுக்கு மாமா."

"சரி," என்றார் மாசிலாமணி.

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் அவர் ஆசிரமத்துக்கு வந்தார். வந்த பிறகு மகளைப் பார்க்கவே இல்லை.

சமையற்கட்டில் பரமு என்பவர் அதிரசமும் லட்டும் தேன்குழலும் செய்தார். மாசிலாமணி முந்திரிக்கொத்து செய்ய உட்கார்ந்தார். செண்பகம் ஒவ்வொரு தீபாவளிக்கும் அதைத்தான் செய்வாள். வறுத்த பாசிப்பயறு மாவை வெல்லப்பாகில் பிசைந்து, சூடு ஆறுவதற்குள் சிறு உருண்டையாகப் பிடிக்க வேண்டும். மூன்று மூன்றாகக் கரைத்த மாவில் முக்கி எண்ணெயில் போட வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெந்து வரும். அதுதான் கொத்து.

மாசிலாமணி போட்ட உருண்டைகள் எண்ணெயில் இறங்கியதும் ஆளுக்கொரு பக்கம் போயின.

"அண்ணாச்சி, இது கொத்தா, கோலிக்குண்டா?" என்றார் பரமு. "பேசாம லட்டு பிடிக்க வாங்க. உங்க கைக்கு அதுதான் லாயக்கு."

"இன்னொரு தடவை பார்க்கேன்."

"எண்ணெய் அழுதுரும்."

மறுநாளும் செய்தார். அதற்கு மறுநாளும். தீபாவளியன்று காலையில் செய்தவை ஒட்டின. பரமு ஒன்றைத் தின்று பார்த்தார். கேலி செய்ய ஒன்றும் அகப்படாமல், அடுப்பைக் குனிந்து ஊதினார்.

பிற்பகலில் மாசிலாமணி தட்டை அடுக்கினார். லட்டுகளை ஒரு பக்கம் குவித்தார். அதிரசத்தை ஒன்றன்மேல் ஒன்று சரித்து வைத்தார். தேன்குழலை நடுவில் நிறுத்தினார். லட்டுக்கு நேர் எதிரே, விளிம்பை ஒட்டி, சின்னக் கைக்கு எட்டுகிற உயரத்தில் முந்திரிக்கொத்தை வைத்தார். பிறகு எட்டி நின்று பார்த்தார். திரும்ப வந்து ஒரு கொத்தை எடுத்து, இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டி வைத்தார்.

குரு உள்ளே வந்தார்.

"அழகா இருக்கு. இதுக்கு முன்பக்கம் எது?"

"வட்டத் தட்டுக்கு முன்பக்கம் ஏது, சாமி?"

"அதானே," என்றார் குரு. விளிம்பைப் பிடித்துத் தட்டைப் பாதிச் சுற்றுத் திருப்பினார். லட்டு இந்தப் பக்கம் வந்தது. முந்திரிக்கொத்து அந்தப் பக்கம் போனது. பிறகு அவர் பானையில் தண்ணீர் மொள்ளப் போனார்.

குடித்துவிட்டுத் திரும்பியபோது முந்திரிக்கொத்து பழையபடி இந்தப் பக்கமே இருந்தது. மாசிலாமணியின் கை இன்னும் விளிம்பிலேயே இருந்தது.

"முன்பக்கம் ஏதுன்னு கேட்டியே," என்றார் குரு.

மாசிலாமணி கையை எடுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"ஆசையை விடணும்னுதானே, சாமி, இங்க வந்தேன். இத்தனை வருஷம் கழிச்சு ஒரு பலகாரத் தட்டுல வந்து மாட்டிக்கிட்டேன். இதை எப்படி விடுறது?"

"விடச் சொல்லி நான் எப்ப சொன்னேன்? அடுக்குறேன்னு நீ கேட்ட. அடுக்குன்னு சொன்னேன்."

"அவ அம்மா செய்யுற பண்டம், சாமி. அவ கை இதுல பட்டாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அம்மா பண்டம்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லப் போறியா?"

"மாட்டேன். வடிவுகிட்ட சரின்னு சொல்லியிருக்கேன்."

"பிள்ளை லட்டை எடுத்துட்டா?"

மாசிலாமணியின் கை மறுபடியும் தட்டின் விளிம்புக்குப் போனது.

குரு செம்பைக் கவிழ்த்து வைத்தார். "தூக்கிட்டுப் போ. ஜனங்க வந்துட்டாங்க."

கூடத்து வாசலில் வடிவும் அவள் கணவரும் கோமுவும் நின்றிருந்தார்கள். கோமு மஞ்சள் பாவாடை கட்டியிருந்தாள். விரலெல்லாம் பட்டாசுக் கரி. மாசிலாமணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமாவுக்கு வணக்கம் சொல்லு," என்றாள் வடிவு.

"வணக்கம். உங்களுக்கு ஏன் இவ்வளவு தாடி?"

"சவரம் பண்ணச் சோம்பல்."

"எங்க அப்பா தினமும் பண்ணுவாங்களே."

"நல்ல பழக்கம்," என்றார் மாசிலாமணி. தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வடிவு எங்கே உட்காருகிறாள் என்று பார்த்துக்கொண்டார். தட்டை மணைப்பலகையில் இறக்கும்போது முந்திரிக்கொத்து இருந்த பக்கம் கோமுவுக்கு நேராக வந்தது. குரு அதைப் பார்த்தார்.

அன்று வந்த பிள்ளைகளில் கோமுதான் சின்னவள். எழுந்து வந்தாள். தட்டுக்கு முன்னால் நின்றாள். முந்திரிக்கொத்து அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அவள் எடுக்கவில்லை. தட்டைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள்.

அதிரசத்தைக் குனிந்து மோந்தாள். தேன்குழலை விரலால் தொட்டுப் பார்த்தாள். சுற்றி முடித்துவிட்டு, இன்னொரு சுற்றுக்குக் கிளம்பினாள்.

"ஏட்டி, சாமி கும்பிடவா வந்தே? சீக்கிரம் எடு, பசிக்கி!" என்றான் ஒரு பெரிய பையன். எல்லோரும் சிரித்தார்கள்.

"எடு தாயி," என்றார் பரமு. "உங்க மாமா மூணு நாளா அடுப்படியில வெந்துட்டுக் கிடந்தாரு."

கோமு நின்றாள். மாசிலாமணி பக்கம் திரும்பினாள்.

"மாமா, நீங்க செஞ்சது எது?"

பரமு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க, மாமா. நான் அதையே எடுத்துக்கிடுதேன்."

வடிவு அண்ணனைப் பார்த்தாள். பிறகு தன் மடியைப் பார்த்துக்கொண்டாள். கூடத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. மாசிலாமணியின் கண் முந்திரிக்கொத்து இருக்கும் பக்கம் போகப் பார்த்தது. அவர் கண்ணைக் கோமுவின் முகத்திலேயே நிறுத்தினார்.

"நீ எடுத்தப்புறம் சொல்லுதேன்."

"இப்ப சொல்ல மாட்டீங்களா?"

"உனக்குப் பிடிச்சதை எடும்மா."

"எனக்கு எது பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றார் மாசிலாமணி.

கோமு தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் சுற்றத் தொடங்கினாள்.

மாசிலாமணி குருவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் குரல் குருவுக்கு மட்டும்தான் கேட்டது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்திருப்பா, சாமி."

"எடுத்திருப்பா," என்றார் குரு. "அவளுக்கு எது பிடிக்கும்னு உனக்குத் தெரியாமலே போயிருக்கும்."

கோமு ஒரு லட்டை எடுத்தாள்.