கிளையை விட்டுப் பறந்த மைனா

அல்லிக்குளத்து நாவல் மரத்தில் எட்டு மைனாக்கள் வேலை பார்த்தன. காட்டு விலங்குகளின் குறைகளைக் கேட்பதுதான் வேலை. கரியன் என்ற கரடி அவற்றுக்கு மேலாளர்.

கரடி இரண்டு சட்டங்கள் போட்டிருந்தது. வேலை நேரத்தில் யாரும் கிளையை விட்டு நகரக் கூடாது. எந்தக் குறை வந்தாலும், "வருந்துகிறோம், ஆவன செய்யப்படும்" என்று இனிமையாகச் சொல்லி அனுப்ப வேண்டும். அந்த ஆவனவற்றைச் செய்வது யார் என்று மட்டும் அது யோசிக்கவே இல்லை!

வந்த விலங்குகளே மறுபடி மறுபடி வந்தன. வாய்க்கு வந்தபடி திட்டின. மூன்று மைனாக்கள் வேலையே வேண்டாமென்று போய்விட்டன. மிச்சம் ஐந்தும் பாட்டையே மறந்து, சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

கரடிக்குக் கவலை வந்தது. குயிலை அழைத்துக் கச்சேரி வைத்தது. வேகமாகப் பேசி அனுப்பும் மைனாவுக்கு அத்திப்பழம் பரிசு என்றது. அதன்பின் யாரும் குறையைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே மைனாக்கள் வருந்தத் தொடங்கின.

ஒரு நாள் காலை முயல் கத்திக்கொண்டே ஓடி வந்தது. மழையில் சரிந்த பாறை அதன் வளையை அடைத்துவிட்டது. உள்ளே நான்கு குட்டிகள்! மஞ்சளி என்ற மைனா வழக்கமான வாக்கியத்தைச் சொல்லி அனுப்பியது.

சற்று நேரத்தில் முயல் திரும்பி வந்தது. இந்த முறை அது கத்தவில்லை.

"நீ வருந்த வேண்டாம் தாயே. யார்கிட்ட போகணும்னு மட்டும் சொல்லு" என்றது.

மஞ்சளி சிறகை விரித்தது. வேலை போனால் போகட்டும் என்று பறந்துபோய், ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த யானையை அழைத்து வந்தது. யானை ஒரே தள்ளில் பாறையை உருட்டிவிட்டது. குட்டிகள் மண்ணை உதறிக்கொண்டு வெளியே வந்தன.

மரத்தடியில் கரடி கோபமாக நின்றது. "யாரைக் கேட்டு கிளையை விட்டுப் போனே?"

"ஐயா, திட்டு வாங்கி நாங்க சோர்ந்து போகலை. உதவின்னு வந்தவங்களை வெறும் வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பியே சோர்ந்து போனோம்" என்றது மஞ்சளி.

அதற்குள் முயல் குட்டிகளோடு வந்து நன்றி சொன்னது. அந்த மரத்தடியில் யாரும் நன்றி சொன்னது அதுவே முதல் முறை. மற்ற மைனாக்கள் நிமிர்ந்து உட்கார்ந்தன. ஒரு மைனா, வரிசையில் நின்ற முள்ளம்பன்றியிடம், "முழுசாச் சொல்லுங்க, கேக்கறேன்" என்றது.

கரடி முரடுதான், முட்டாள் அல்ல. யானையையோ குரங்கையோ இனி மைனாக்களே கூப்பிட்டு வேலையை முடிக்கலாம் என்று அங்கேயே அறிவித்தது. விட்டுப்போன மூன்றில் இரண்டு மைனாக்கள் அந்த வாரமே திரும்பி வந்தன.

குறையைக் கேட்பவருக்கு அதைத் தீர்க்கும் உரிமையும் இருந்தால்தான் வேலையில் மனம் சோராது.