ஆள்காட்டிக் குருவியின் மனசு ஆராய்ச்சி

ஆடிக் கூழுக்கு அம்மன் கோயில் வரிசையில் நின்றபோது செங்கமலம் அக்கா எனக்குச் சொன்ன கதை இது. என் மூத்தவன் அப்போது இடுப்புக் குழந்தை.

ஒரு குளக்கரையில் ஆள்காட்டிக் குருவி ஒன்றும் அதன் பெண்டாட்டியும் இருந்தன. அந்தச் சாதிக் குருவி மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். பெண்குருவி நான்கு முட்டை இட்டிருந்தது.

காவல் ஆண்குருவியின் வேலை. ஆனால் அதற்கு மனசைப் பற்றி ஒரு யோசனை வந்துவிட்டது. நாம் பார்ப்பது எதுவும் வெளியில் இல்லையாம். எல்லாம் மனசு வரைகிற படமாம். நாரை, தவளை, தண்ணீர் குடிக்க வந்த எருமை, யாரையும் விடாமல் பிடித்துவைத்துச் சொல்லிற்று. எருமை மட்டும் முழுக்கக் கேட்டது. அது அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ஒரு நாள் புதரிலிருந்து உடும்பு தலையை நீட்டிற்று.

"என்னங்க, உடும்பு வருது. சத்தம் போட்டு விரட்டுங்க" என்றது பெண்குருவி.

"உடும்பு வருதுன்னு சொல்லாதே. உன் மனசுல உடும்புப் படம் வருதுன்னு சொல்லு."

"படத்தையே விரட்டுங்களேன், புண்ணியமாப் போகும்!"

பயம் எங்கிருந்து பிறக்கிறது என்று ஆண்குருவி விளக்க ஆரம்பித்தது. உடும்பு அதைக் கேட்டுக்கொண்டது.

"ஐயா சொல்றதுதான் சரி. நான் வெறும் படம். மீதியையும் சொல்லுங்க, நடந்துகிட்டே கேக்கறேன்."

ஆண்குருவிக்குப் பெருமை தாங்கவில்லை. வழிவிட்டு நின்று சொல்லிற்று. சொல்லி முடிக்குமுன் ஒரு முட்டை உடும்பின் வாய்க்குள் போய்விட்டது.

பெண்குருவிக்கு அழ நேரமில்லை. ஒரு சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடிற்று. முட்டையைவிடக் குருவி பெரிதாயிற்றே என்று உடும்பும் பின்னாலேயே போயிற்று. மறுகரை வரை கூட்டிப் போய்விட்டு, பெண்குருவி விருட்டென்று பறந்து திரும்பியது.

ஆண்குருவி துள்ளிற்று. "பார்த்தியா! ஒடிஞ்ச சிறகு உடும்போட மனசுலதானே இருந்தது? நான் சொன்னது நிஜம்."

"நிஜந்தாங்க. நாலு முட்டை இருந்ததும் நிஜம். இந்த மூணு மேலயும் பேசாம உக்காருங்க. இனிமே காவல் நான் பார்த்துக்கறேன்."

ஆண்குருவி உட்கார்ந்தது. அன்று முதல் எருமை பேச்சுக் கேட்காமல் சும்மா அசைபோட்டது.

மனசின் சூட்சுமமெல்லாம் தெரிந்தாலும், காக்க வேண்டிய நேரத்தில் காக்காதவனுக்கு அந்த அறிவு ஒரு முட்டைக்குக்கூட உதவாது.

கேட்ட நீங்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். வீட்டில் யாராவது அவசரமாகக் கூப்பிட்டால், முதலில் எழுந்து போங்கள்; ஏன் என்று பிறகு கேளுங்கள்.