எத்தனை குடம்

“டீச்சர், எல்லாத்தையும் விட்டுட்டேன். பொறவும் மனசு அடங்க மாட்டேங்கே?”

கேட்டவர் பால்வண்ணம் அண்ணாச்சி. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

ஜெசிந்தா நிமிரவில்லை. ஒடிந்த குடைக்கம்பி ஒன்றைக் குறட்டால் வளைத்துக்கொண்டிருந்தாள். வயதுக்கு அண்ணாச்சியின் மகள் மாதிரி இருப்பாள்.

“எதை விட்டீங்க?”

“பிளாஸ்டிக்கை.”

“எங்க விட்டீங்க?”

“எங்கன்னா... வெளிய.”

“வெளியன்னா எங்க அண்ணாச்சி?”

அவர் கையை எங்கேயோ தூரமாக வீசிக் காட்டினார்.

அவள் குடையை விரித்துப் பார்த்தாள். அது விரிந்தது.

பதில் தெரியாதவள்தானே திருப்பிக் கேள்வி கேட்பாள்? அண்ணாச்சிக்கு முதல் சந்தேகம் அன்றைக்குத்தான் விழுந்தது.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, ஓடாத ரைஸ்மில்லின் நெல்லுக் களத்தில் ஜெசிந்தா கூட்டம் நடத்துவாள். கிழிந்ததைத் தைக்கவும், உடைந்ததை ஒட்டவும், கடைக்குள் நுழையுமுன் ‘இது வேணுமா’ என்று தன்னையே கேட்கவும் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். கட்டணம் கிடையாது.

பிளாஸ்டிக்கைக் குறைக்கணும் என்று அவள் பேசிய முதல் கூட்டம் முடிந்த கையோடு அண்ணாச்சி வீட்டிலிருந்த பிளாஸ்டிக் குடங்களையெல்லாம் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய்க் குளத்தங்கரையில் வீசினார். திரும்பி வரும்போது இரண்டு செப்புக்குடம் வாங்கி வந்தார். பளபளவென்று இருந்தன. வெறுங்குடமே கையை இழுத்தது.

அந்தத் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருக்க குடிதண்ணீர் லாரி வரும். மூன்று மாதத்தில் அவர் மனைவி சொர்ணத்துக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு, கோவில்பட்டியில் இருக்கிற தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

“ஒரு பிளாஸ்டிக் குடத்துக்கா இந்த வீம்பு?” என்றார் அண்ணாச்சி.

“என் குடம் வரட்டும். நானும் வாரேன்.”

போய் நாற்பது நாளாயிற்று. அண்ணாச்சி மெஸ்ஸில் சாப்பிட்டார். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினார். அந்தக் கேன் எதில் செய்தது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

யோசித்ததெல்லாம் ஜெசிந்தாவைப் பற்றித்தான். இவள் பேச்சைக் கேட்டுத்தானே வீடு இப்படி ஆனது?

ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் அவள் ஒரு சாக்குமூட்டையைத் தூக்கிக்கொண்டு போவாள். வாய் இறுகக் கட்டியிருக்கும்.

“அதுல என்ன டீச்சர்?”

“மிச்சம்.”

அவ்வளவுதான் பதில்.

டீக்கடைக்காரர் வேறு ஏற்றிவிட்டார். “சும்மா எவ செய்வா அண்ணாச்சி? பின்னால ஏதாவது கம்பெனி நிக்கும். நீங்க செப்புக்குடம் வாங்குனீங்கல்லா? அதுல அவளுக்கு என்ன கிடைச்சுதோ!”

அடுத்த கூட்டம் முடிந்தபோது காலை மணி பத்து. மூட்டையோடு போனவளின் பின்னாலேயே அண்ணாச்சி போனார். அவள் நின்றால் இவர் செருப்பு வாரைச் சரிசெய்தார். அவள் திரும்பினால் இவர் போஸ்டர் படித்தார்.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஓட்டு வீடு. இடுப்பளவு சுவர். எட்டிப் பார்த்தார்.

முற்றம் முழுக்கக் குடம். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். எல்லாம் பிளாஸ்டிக்.

“ஆகா!” என்றார் அண்ணாச்சி. சொர்ணம் போன பிறகு முதல்முறையாக அவருக்கு மனசு குளிர்ந்தது.

“வாங்க அண்ணாச்சி. வெயில்ல அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கீங்க.”

“களத்துல ஒண்ணு, வீட்டுல ஒண்ணா டீச்சர்? உங்க பேச்சைக் கேட்டு எம்பொண்டாட்டி என்னை விட்டுப் போயிட்டா. இதுக்கு இப்பமே பதில் சொல்லணும்.”

தெருமுனையில் லாரியின் ஹாரன் கேட்டது.

“சொல்லுதேன். தண்ணி வந்துட்டு. ஒரு குடம் பிடிச்சுட்டு வந்திருங்க. எது வேணுமோ எடுத்துக்கோங்க.”

சுவரோரம் செப்புக்குடம் ஒன்றும் இருந்தது. அண்ணாச்சி அதைத்தான் முதலில் தூக்கினார். கீழே வைத்தார். கை தானாகப் பக்கத்தில் இருந்த பச்சைக் குடத்துக்குப் போயிற்று. இலவம்பஞ்சு மாதிரி வந்தது.

அடியில் விரிசல் விட்ட இடத்தைச் சூடுகாட்டி உருக்கி ஒட்டியிருந்தது. ஆறிப்போன தழும்பு போல அது தடித்திருந்தது. குடத்தின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

பழுக்கக் காய்ச்சிய ஆணியால் இழுத்த எழுத்து. ‘சொ.’

லாரிக் கூட்டத்தில் குடம் மாறிப்போகக் கூடாது என்று சொர்ணம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து எழுதியது. புகை வருகிறது என்று அன்றைக்கு இவர் சத்தம் போட்டிருந்தார்.

“இது... எங்க கிடந்துச்சு?”

“நீங்க விட்ட இடத்துல.”

அண்ணாச்சி குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“லாரி ஒரு நடை வந்தா எங்க வீட்டுக்கு ஆறு குடம் வேணும்,” என்றாள் ஜெசிந்தா, சாக்குமூட்டையிலிருந்து எடுத்த விரிசல் குடம் ஒன்றைக் கழுவிக்கொண்டே. “உங்க வீட்டுக்கு எத்தனை அண்ணாச்சி?”

முப்பத்தொரு வருஷக் குடித்தனம். அவருக்குத் தெரியவில்லை.

லாரி வரிசையில் கடைசியாகப் போய் நின்றார். முன்னால் முழுக்கப் பெண்கள். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

“சொர்ணம், நம்ம வீட்டுக்கு எத்தனை குடம் பிடிப்ப?”



“எதுக்குக் கேக்குதிய?”

“லாரி வந்திருக்கு.”