நூற்றெண்பது அடிக் குழாய்

மார்கழி பிறந்ததும் பொன்னுருவியின் விரல்கள் மடங்க மறுத்தன. விடிகாலையில் வெந்நீரில் கை வைத்தால்தான் அவளால் டம்ளரைப் பிடிக்க முடியும். அந்த மலை ஆசிரமத்தில் இருபத்தாறு ஆண்டுகள் சமைத்த கைகள்.

இப்போது அவள் இருப்பது கோடி அறையில். பாய்லர் இருப்பது சமையலறைக்குப் பின்னால். இடையில் நூற்றெண்பது அடி இரும்புக் குழாய். அவளிடம் வந்து சேர்வதற்குள் தண்ணீர் ஆறிவிடுகிறது.

திங்கட்கிழமை குருவிடம் போய்ச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை தங்கச்சி மகன் வர்றான்மா. அவனோட கீழ போயிடுறேன். அவன் பொண்டாட்டி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா. பரவாயில்லை. அங்க குளிராவது இல்லை."

குரு மரகதம் அம்மாள் அவள் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் இருந்த சீடர் திருவேங்கடம்தான் எழுந்தார். அம்மாளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒரு காகித ஆலையில் நீராவிக் குழாய்களோடு முப்பது ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவர். ஆசிரம நிர்வாகமும் அவர் பொறுப்பு.

"எனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்கம்மா. வெப்ப இழப்புதானே? குறைச்சிடலாம்."

அன்றே குழாயின் சூட்டை அளந்தார். காற்றின் குளிரை அளந்தார். நோட்டில் நாலு பக்கம் கணக்குப் போட்டார். சேலத்திலிருந்து, சூட்டை வெளியே விடாத கண்ணாடிப் பஞ்சு வந்தது. இரண்டு அங்குலத் தடிமனுக்குச் சுற்றி, மேலே அலுமினியத் தகடு போர்த்தினார். வால்வுகளை விட்டால் அங்கே சூடு போய்விடும் என்று அவற்றுக்கும் தனித்தனியாகச் சட்டை தைத்தார். பஞ்சு பட்டு இரண்டு கையும் அரித்தது. சொறிந்துகொண்டே வேலை செய்தார்.

புதன்கிழமை மாலை வேலை முடிந்தது. கோடி அறைக் குழாயை இரண்டு வாளித் தண்ணீர் போகும் வரை திறந்துவிட்டுப் பிறகு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். எழுபது டிகிரியில் கிளம்பிய தண்ணீர் அறுபத்தெட்டில் வந்திருந்தது. நோட்டில் எழுதியிருந்ததும் அதுதான்.

வியாழக்கிழமை விடிந்ததும் போனார். பொன்னுருவி பாத்திரத்தில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் சில்லென்று இருந்தது.

"வாங்க இன்ஜினியர் ஐயா. குழாய்க்கு நல்லாப் போர்வை போத்திட்டீங்க. அதுக்குக் குளிர் விட்டிருக்கும்."

"ராத்திரி முழுக்கக் குழாயில நின்ன தண்ணி அது, பொன்னுருவியம்மா. எவ்வளவு சுத்தினாலும் விடியறதுக்குள்ள ஆறிடும். ரெண்டு வாளி திறந்து விட்டாப் பின்னாலேயே சூடா வரும். நேத்தே சொன்னேனே."

"ரெண்டு வாளியா? ஊத்துலேருந்து சுமந்து நிரப்புற தண்ணி. அதை மண்ணுல விடச் சொல்றீங்களா? நான் சமையக்காரி ஐயா. மனசு வராது."

அவளுக்கு இருமல் வந்தது. நீண்ட இருமல். அது முடியும் வரை அவர் நின்றார். மூலையில் அவளுடைய பெட்டி கட்டி வைக்கப்பட்டிருந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாளிடம் வந்தார்.

"இன்னும் ஒரு அங்குலம் சுத்திப் பார்க்கட்டுமா?" என்றார். அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

"கணக்கைப் படிங்க."

"பஞ்சோட குணம். தடிமன். உள்சூடு, வெளிக்குளிர், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம். அப்புறம் குழாயோட நீளம்."

"இதுல எதையெல்லாம் மாத்தலாம்?"

"பஞ்சை மாத்தலாம். தடிமனைக் கூட்டலாம்."

"நீளம்?"

"அது மாறாதும்மா. நூற்றெண்பது அடி."

"யார் வச்சது?"

திருவேங்கடம் நோட்டைப் பார்த்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை பொன்னுருவி சமையலறையை ஒட்டிய அறையில்தான் இருந்தாள். அதன் மறுபக்கச் சுவர் தியான மண்டபத்தினுடையது. விடிகாலையில் இருமல் கேட்கிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவளைக் கோடி அறைக்கு அனுப்பியவர் திருவேங்கடம்தான். காலியான அறையில் அரிசி மூட்டைகளை அடுக்கினார். குழாயையும் அவரே அளந்து, அங்கே வரை நீட்டினார்.

அம்மாள் எழுந்து அந்த அறைக்குப் போனார். ஒரு மூட்டையின் காதைப் பிடித்தார்.

"அந்த முனையைப் பிடிங்க, ஐயா."

"எங்கே வைக்கிறதும்மா?"

"கோடி அறையில. அரிசிக்கு வெந்நீர் வேண்டாம்."

பதினொரு மூட்டைகள். மதியம் ஆகிவிட்டது. கடைசியாகக் கட்டிலைத் தூக்க வந்தவர்களைப் பார்த்துப் பொன்னுருவி கேட்டாள்.

"மூட்டையோட மூட்டையா என்னையும் தூக்கப் போறீங்களா?"

"நடந்து வர்றதானா வா," என்றார் அம்மாள்.

பாய்லரிலிருந்து அந்த அறைக்கு ஆறடி. வெள்ளிக்கிழமை காலை குழாயைத் திறந்ததுமே ஆவி பறந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. தங்கை மகன் வந்தபோது டம்ளரை ஒரே கையால் எடுத்து நீட்டினாள்.

"டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புடா. பஸ்ஸை விட்டுடாதே."

"நீங்க வரலையா பெரியம்மா?"

"பெட்டியைப் பிரிச்சாச்சே."

அன்று விடிகாலைத் தியானத்தில் சுவரைத் தாண்டி இருமல் கேட்டிருந்தது. மூன்று முறை. யாரும் முணுமுணுக்கவில்லை. திருவேங்கடம் மட்டும் கண்ணைத் திறந்து பார்த்தார். அம்மாளின் கண்களும் திறந்திருந்தன.

பஸ் போன பிறகு திருவேங்கடம் நோட்டோடு அம்மாளிடம் வந்து நின்றார்.

"முப்பது வருஷம் பார்த்த வேலைம்மா. மூணு தடவை சரிபார்த்தேன். எங்க தப்பு விட்டேன்?"

அம்மாள் நோட்டை வாங்கினார். நாலு பக்கத்தையும் நிதானமாகப் புரட்டினார். மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. இருமல் கேக்காத அந்த ரெண்டு வருஷமும் எனக்கும் தியானம் நல்லாத்தான் வந்தது, ஐயா. இருமல் எங்க போச்சுன்னு நானும் கேக்கலை."