கீழே கடை, மேலே வீடு

திருச்சியில் திலகவதி என்றொரு கட்டடக் கலைஞர் இருந்தார். பல வருடம் சைட் இன்ஜினியராக அலைந்த அற்புதராஜ், தன்னைவிட வயதில் இளையவரான அவரிடம் சீடராகச் சேர்ந்தார்.

ஒருநாள் அற்புதராஜ், கீழே கடை மேலே வீடு என்று வரைந்துகொண்டிருந்த தன் வரைபடத்தைச் சுருட்டிவிட்டார்.

"மேடம், நான் முன்ன கட்டினதுல கீழே ஓட்டல், மேலே வீடுங்க. புகை, சத்தம், லாரின்னு தினமும் சண்டை. குடியிருந்தவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. கடைக்குக் கூட்டம் வேணும், வீட்டுக்கு அமைதி வேணும். ரெண்டும் ஒத்துப்போகாது. இதுல வெறும் கடையா போட்டுடவா?"

"வாங்க சார், சாப்பிட்டு வரலாம்."

திலகவதி தான் கட்டிய கட்டடம் ஒன்றுக்கு அவரை அழைத்துப் போனார். கீழே காஜா மைதீனின் ஓட்டல். மேலே வீடுகள். புகைக்குழாய் மொட்டைமாடியையும் தாண்டி நின்றது.

வாட்ச்மேன் எதிரே வந்தார். "மூணாவது மாடி வேதவல்லி டீச்சர் காலையில தவறிட்டாங்கம்மா. இப்ப கீழ இறக்கப் போறாங்க."

திலகவதி மாலை வாங்க ஆள் அனுப்பினார்.

அற்புதராஜ் ஓட்டல் வாசலைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டு நேரம். ஓட்டலில் உட்கார இடமில்லை. இந்த வாசல் வழியாகவா?

இல்லை. பின்னால் அகலமான படிக்கட்டு இருந்தது. நாலு பேர் உடலைச் சாய்க்காமல் திருப்பி இறக்கினார்கள். காலையில் காய்கறி லாரி நிற்கும் பின்முற்றத்தில் உறவினர்கள் கூடி அழுதார்கள். முன்பக்கம் ஓட்டலில் சாப்பாட்டு இலைகள் விழுந்தபடியே இருந்தன.

"புரிஞ்சிடுச்சு மேடம். வழியைப் பிரிச்சு, நடுவுல முழுச் சுவர் எழுப்பிடணும்."



முற்றத்துச் சுவரில் இருந்த கதவை ஓட்டலின் உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். டீச்சரின் மகன் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கித் திறந்தார். காஜா மைதீன் காபியோடு நின்றார். சாவு வீட்டில் அடுப்பு எரியாதே.

அவர் டீச்சரின் மகளிடம் குனிந்தார். "ரெண்டு வாய் குடிம்மா. அம்மா இருந்தா உன்னை இப்படி விடுவாங்களா?"

அதுவரை தண்ணீர்கூட வேண்டாம் என்றவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

அற்புதராஜ் கதவையே பார்த்தார்.

"சமையல்கட்டை ஒட்டிக் கதவு. இங்க சண்டையே வரலயா மேடம்?"

"வந்துச்சு. இந்தக் கதவாலதான் வந்துச்சு."

"அடைச்சிருக்கலாமே?"

"முன்ன ஓட்டல் பக்கம் மட்டும்தான் தாழ்ப்பாள் இருந்துச்சு சார், அவங்க நினைச்சப்பல்லாம் திறந்து வந்தாங்க. இந்தப் பக்கமும் ஒண்ணு போட்டேன்."